ரூபன் எடுத்த ரூம்

உக்காரும்மா, இங்கன இடம் இருக்கு. பைய மடியில வச்சிக்கிடுதேன், நீ நல்லா உக்காரு. தமிழ்ப் பேச்சு காதுல விழுந்ததும் எனக்கு உசுரே திரும்ப வந்த மாதிரி இருக்கு. "எனக்குப் போதும்டி, நான் ரூமுக்குப் போறேன்"னு போன்ல யார்ட்டயோ சொன்னல்லா, அப்பவே திரும்பிப் பாத்தேன். எந்த ஊரு? தருமபுரியா. டோக்கியோவுல வேலையா. நல்லது, நல்லது. அம்மா அப்பா எல்லாம் ஊர்லயா?

நான் எங்க இறங்கணுமா? இறங்குவேன். எனக்கு இது ரெண்டாவது சுத்து. இந்த பஸ்சு ஹோட்டலு, சறுக்குத இடம், கடைத்தெரு, திரும்ப ஹோட்டலுன்னு சும்மா சுத்திக்கிட்டே இருக்குல்லா. காசும் கெடையாது. என் மகன் ஆறு மணிக்குச் சாப்பிட வரச் சொல்லிருக்கான். அதுக்கு முன்னாடி வரக்கூடாதாம். ரூம்ல உக்காந்து பாத்தேன், முடியல. கீழ சோபாவுல உக்காந்தேன், அங்கயும் முடியல. பஸ்சுல ஏறிட்டேன். இதுன்னா அது ஓடுதுல்லா, நம்ம ஓட வேண்டாம்.

மகன் எங்கூடத்தான் தங்கிருக்கானான்னு கேக்கியா? அதத்தான் சொல்ல வாரேன். அவன் ஒரு இடம், நான் ஒரு இடம். பெத்த தாயும் பிள்ளையும் இம்புட்டுத் தூரம் ஏரோப்ளேன் ஏறி வந்து ஆளுக்கொரு பக்கம் கெடக்கோம். நீயே சொல்லு, கேக்க நல்லாவா இருக்கு?

எங்களுக்குப் பாளையங்கோட்ட. எம் பேரு ஜெபமணி. பொம்பளப் பிள்ளைக ஸ்கூலு ஒண்ணுல ஹாஸ்டல் வார்டனா இருந்து ரிட்டயர்டு ஆனவ. ஒரு ரூமுக்குள்ள நுழைஞ்சேன்னா போதும். காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருது, எந்தக் கட்டில்ல படுத்தா சளி பிடிக்கும், எந்தப் பிள்ள போர்வைக்குள்ள போன வச்சிக்கிட்டுப் படுத்துருக்கா, எல்லாம் தெரிஞ்சிரும். தங்குத இடத்தப் பத்தி எனக்கு ஒருத்தர் சொல்லித் தர வேண்டாம். அப்பேர்ப்பட்ட என்ட்டதான் சொல்லுதான், "அம்மா, ரூம் எல்லாம் நான் பாத்துக்கிடுதேன், நீங்க கையக் கட்டிக்கிட்டு இருங்க"ன்னு.

அவன் பேரு ரூபன். ஒரே பிள்ள. காலேஜ் கடைசி வருசம், பைக்ல நாகர்கோயிலுக்குப் போனவன, வள்ளியூர் தாண்டி ஒரு லாரிக்காரன் தட்டிட்டான். முதுகெலும்புல அடி. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி கெடையாது. அதுல இருந்து வீல்சேர்தான். ஐயோ பாவம்னு முகத்த வைக்காதம்மா, அவனுக்கு அது பிடிக்காது. வீட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல வேலை பாக்கான், கை நெறையச் சம்பளம். நான் ஒரு குறையும் வச்சதில்ல. குளிக்க வைக்கது, ராத்திரி முழிச்சுப் புரட்டிப் படுக்க வைக்கது எல்லாம் நாந்தான். அவனே செஞ்சிக்கிடுவான், ஆஸ்பத்திரியில எல்லாம் பழக்கித்தான் அனுப்புனாங்க. நான் விடுததில்ல. தோள் வலிக்கும்லா அவனுக்கு.

இது எந்த ஸ்டாப்பு? கடைத்தெருவா? இல்ல, இது இல்ல. இன்னும் இருக்கு.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். திடீர்னு சொல்லுதான், "நான் ஜப்பானுக்குப் போறேன். பனியில சறுக்கப் போறேன்." எங்க வீட்டுக்காரவுக மீனுல முள்ளு எடுத்துக்கிட்டு இருந்தாவ, அப்படியே தலயத் தூக்காம "எப்ப?"ன்னாவ. எப்பவாம்! எதுக்குன்னு கேக்கல, எப்பிடின்னு கேக்கல. நான் சிரிச்சிட்டேன். "ஏல, கொடைக்கானலுக்குப் போவோமால?"ன்னேன். அவன் போன எடுத்துப் படம் காட்டுதான். ஒரு வாளி மாதிரி சீட்டு, அதுக்கு அடியில சறுக்குக் கட்டை. அதுல உக்காந்து ஒரு ஆளு மலையில இருந்து அம்பு மாதிரி இறங்குதான். காலு இல்லாதவங்க, காலு வராதவங்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்குதாங்களாம். எழுதிக் கேட்டுட்டானாம், வரச் சொல்லிட்டாங்களாம்.

முதல்ல செல்வின்னு ஒரு கூட்டாளிப் பையனோடதான் போறதா இருந்தது. செல்வின் பொண்டாட்டிக்குப் பேறுகாலம் வந்துட்டு, அவனால முடியல. "அப்ப நான் வாரேன்"னேன். நான் வராம யாரு வருவா? ரூபன் ரெண்டு நாளு என்ட்ட முகம் கொடுத்துப் பேசல. அப்புறம் வந்து, "சரி, வாங்க. ஆனா தங்குத இடம் வேற வேற"ன்னான். ரெண்டு ரூம் எடுப்போம்ங்கான்னு நினைச்சேன். அதுல என்ன, அடுத்தடுத்த ரூம், நடுவுல ஒரு கதவு. ஹாஸ்டல்லயும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

சரின்னு நான் தேட ஆரம்பிச்சேன். பாத்திரம் தேய்க்கும்போதும் போனு, ஜெபக்கூட்டத்துலயும் போனு. இந்த நாகானோ மலையில எத்தன வீடு, எத்தன ஹோட்டலு இருக்குன்னு என்ட்ட கேளு. முதல்ல அடுப்பு வச்ச வீடு ஒண்ணு பாத்தேன். குக்கர், புளி, ரசப்பொடி, ரெண்டு கிலோ பொன்னி அரிசி கொண்டு போயிட்டா ஒரு கவலையும் இல்லல்லா? ரூபன்ட்ட காட்டுனேன். "சறுக்குத இடத்துக்கு அங்க இருந்து கார்லதான் போணும். பனியில யாரு ஓட்டுவா, நீங்களா?"ன்னான்.

சரி, அது வேண்டாம். அடுத்தது பழைய காலத்துச் சத்திரம் மாதிரி ஒண்ணு. தரை பூரா பாயி. பின்னால வெந்நீர் ஊத்து. அந்த ஊத்துல பத்து நாளு உக்காந்தா செத்த நரம்பும் துடிக்கும்னு யாரோ ஒரு அம்மா எழுதிருந்தா. அத அவன்ட்ட சொன்னது தப்பா? "அம்மா, அந்தப் பாய் மேல வீல்சேர ஏத்த விடமாட்டாங்க. ரெண்டு பேரு என்னத் தூக்கிக்கிட்டுப் போவாங்க. தூக்க வச்சிக்கிடவா நான் அங்க போறேன்?"ங்கான். நான் சொன்ன நரம்பப் பத்தி ஒரு வார்த்தை பேசல பாத்துக்க. அம்மா மனசு படும்னு விட்டுட்டான் போல.

கடைசியில நான் கண்டுபிடிச்சதுதான் இப்ப நான் இருக்குத பெரிய ஹோட்டலு. லிப்டு உண்டு. வீல்சேருக்குன்னே கட்டுன ரூம் உண்டு. வாசல்ல படி கெடையாது, குளிக்குத இடத்துல சுத்திக் கைப்பிடி, ரெண்டு கட்டில். காலையில சோறும் மீனும் சூப்பும். இதுல என்ன குறைன்னு கேட்டேன். "குறையே இல்ல"ன்னான். "அப்ப?"ன்னேன். "நான் வேற இடம் எடுத்துட்டேன்"ன்னான்.

பென்ஷனாம்! எனக்குத் தெரிஞ்ச பென்ஷன், மாசம் பொறந்தா அவுக பேங்குக்குப் போய் வாங்கிட்டு வருததுதான். இங்க சின்ன லாட்ஜுக்கு அந்தப் பேரு வச்சிருக்காங்க. மொத்தமே ஏழெட்டு ரூம்தான், ஒரு புருசனும் பொண்டாட்டியும் நடத்துதாங்க. கீழ ஒரே ஒரு ரூம்லதான் வீல்சேர் நுழையும். அதுல ஒரே ஒரு கட்டிலு. சறுக்கு ஸ்கூலு பக்கத்துலயே இருக்கு, அது ஒண்ணுதான் வசதி. "அப்ப நான் எங்கல படுக்க?"ன்னேன். "கீழ பெட்ஷீட் விரிச்சுப் படுத்துக்கிடுவேன்"னேன். அதுக்குச் சொல்லுதான், "ஒரே கட்டில்தான் இருக்குன்னுதாம்மா அந்த ரூம எடுத்தேன்."

வேடிக்கைக்குச் சொல்லிருப்பான். அவனுக்குக் கேலி ஜாஸ்தி.

சரி, பிள்ள ஆசைப்பட்டுட்டான், அங்கயே இருக்கட்டும்னு நானும் விட்டுக் கொடுத்தேன். விட்டுக் கொடுத்தாலும் வார்டன் புத்தி விடுமா? அந்தப் பென்ஷன்கார அம்மாவுக்கு ஒரு மெயில் போட்டேன். இங்கிலீஷ்லதான். தப்பா ஒண்ணும் எழுதலம்மா. ராத்திரி ரெண்டு தடவ புரட்டிப் போடணும், இல்லன்னா முதுகு புண்ணாயிரும். கட்டில்ல ரப்பர் ஷீட் விரிக்கணும். வெந்நீர் சூடு அவனுக்குத் தெரியாது, கைய விட்டுப் பாத்துட்டு ஊத்தணும். ஒண்ணுக்குப் போக டியூப் வைக்கணும், அத எப்பிடிக் கழுவணும், மலச்சிக்கல் வந்தா என்ன செய்யணும், எல்லாம் விவரமா எழுதுனேன். உன்ட்டயும் எல்லாத்தையும் சொல்லுதேன் பாத்தியா, இதுல என்ன இருக்கு? உடம்புன்னா எல்லாருக்கும் உடம்புதான். கடைசியில, "அவன் வேண்டாம்னு சொல்லுவான், நீங்க கேக்காதீங்க"ன்னும் எழுதுனேன்.

அந்தம்மா பதில் போட்டா. ரொம்ப மரியாதையா, வணக்கம் மேல வணக்கம் வச்சு. "உங்கள் மகன் கேட்பதை எல்லாம் மகிழ்ச்சியோடு செய்வோம். அவர் கேட்காததை நாங்கள் எப்படிச் செய்வது என்று தெரியவில்லை, மன்னிக்கவும்." அதோட விட்டாளா? ரூம் எடுத்தவன் அவன்லா, அவனுக்கும் சேத்து அனுப்பிட்டா. நான் எழுதுனதும் அடியிலயே இருந்தது.

அவன் சத்தம் போட்டிருந்தா நல்லா இருந்துருக்கும். சத்தம் போடல. கம்ப்யூட்டர் முன்னால இருந்து வண்டியத் திருப்பி என்னப் பாத்தான். "அம்மா, என்னப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆளுங்க இருக்குத ஒரு வீட்டுக்குள்ள ஒரே ஒரு தடவ போணும்னு நினைச்சேன். அதுக்குத்தான் இவ்வளவு நாளா தேடுனேன். இப்ப அங்கயும் எல்லாம் தெரிஞ்சிட்டு"ன்னான். "தெரிஞ்சா என்னல? திருடிட்டா வந்த, மறைக்கதுக்கு?"ன்னேன். அன்னைக்கே எனக்கு இந்தப் பெரிய ஹோட்டல்ல ரூம் போட்டான். அவன் இந்தப் பக்கம், நான் ஆத்துக்கு அந்தப் பக்கம். "வந்தா அங்கதான் தங்கணும். என் இடத்துக்கு நான் கூப்பிட்டாத்தான் வரணும். இல்லன்னா சொல்லுங்க, நான் தனியாவே போறேன்."

எங்க வீட்டுக்காரவுகட்டப் போய் அழுதேன். பேப்பர மடிச்சு வச்சிட்டு, "நீயும் போகாண்டாம் ஜெபா. அவன் போயிட்டு வரட்டும்"ன்னாவ. ஆம்பிளைகளுக்கு இதுதான், வேல மிச்சம்னு விட்டுருவாங்க.

இந்தா பாரு, பனி திரும்பவும் பிடிச்சிட்டு. இந்த வெள்ளைய எத்தன நாளுதான் பாக்க? கண்ணு கூசுது. நீ எப்பிடித்தான் இதுல விளையாடுதியோ. பசிக்காம்மா? முந்திரிக்கொத்து இருக்கு, ஒண்ணு எடுத்துக்க. அந்தப் பென்ஷன்கார அம்மாவுக்குக் கொண்டு போறேன். ஒண்ணு குறைஞ்சா தெரியாது, எடு.

வந்து சேந்த அன்னைக்கு டாக்சி முதல்ல பென்ஷன் வாசல்ல நின்னுது. மர வீடு. அந்தம்மா வெளிய வந்து குனிஞ்சு கும்பிட்டா. வாசப்படியில பலகை போட்டு, பனிய வழிச்சு வச்சிருந்தாங்க. அவனா ஏறிப் போயிட்டான். நான் பின்னாலயே போனேன், ரூம ஒரு பார்வ பாத்துட்டு வந்துருவோம்னு. கதவு நிலைகிட்ட வண்டியக் குறுக்க நிப்பாட்டிட்டு, "டாக்சி காத்துக்கிட்டு நிக்கிம்மா"ன்னான். அவ்வளவுதான். இன்னைக்கு வரைக்கும் அவன் ரூம நான் பாக்கல. எத்தன பிள்ளைக ரூமப் பாத்தவ நான்! என் மகன் படுத்துருக்குத ரூமு, ஜன்னல் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது.

நான் சும்மா இருப்பேனா? ஹோட்டல்ல போய் இறங்கின உடனே, எனக்குப் போட்டிருந்த ரூம மாத்தச் சொல்லி, அந்த வீல்சேர் ரூமையே எடுத்துக்கிட்டேன். எப்படியும் அன்னைக்கு ராத்திரியே அந்தக் கட்டில் சரியில்ல, குளிருதுன்னு வந்துருவான். வந்தா ரெடியா இருக்கணும்லா? மத்தக் கட்டில்ல தலகாணி எல்லாம் அவனுக்குத் தக்கன அடுக்கி வச்சேன்.

வரல. மெசேஜ்தான் வருது. "சாப்பிட்டேன்." "தூங்கினேன்." "நல்லா இருக்கேன்." அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒரு வார்த்தை கெடையாது.

ரெண்டாம் நாளு காலையில இதே பஸ்சுல ஏறுனேன். அவன் இடத்துக்குப் போகக்கூடாதுன்னுதான சொன்னான், பஸ்சுல போகக்கூடாதுன்னு சொல்லலியே. அந்தச் சின்னச் சரிவு இருக்கு பாரு, புதுசாப் படிக்கவங்க விழுந்து எந்திக்குத இடம், அதத் தாண்டும்போது பாத்தேன். செவப்புச் சட்ட. அவந்தான். அந்த வாளி வண்டியில உக்காந்துருக்கான். பின்னால ஒரு பொண்ணு கயிறு பிடிச்சிக்கிட்டு வருது, சுண்டு விரல் தண்டி இருக்கும். நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே சாஞ்சான். சாஞ்சு, உருண்டு, மூஞ்சி பனிக்குள்ள போயிட்டு. அந்தப் பொண்ணு கயிற விட்டுட்டு இடுப்புல கைய வச்சிக்கிட்டு நிக்கி! தூக்கல. பேசிக்கிட்டு நிக்கி!

எனக்கு எப்பிடி இருக்கும்? மணிய அடிச்சேன், கண்ணாடியத் தட்டுனேன், அடுத்த ஸ்டாப்புல இறங்கி ஓடுனேன். இந்த வயசுல, சேலைக்கு மேல கோட்டு, காலுல பேட்டா ஷூ. "தூக்குங்க! பிள்ளையத் தூக்குங்க!"ன்னு சத்தம் போட்டுக்கிட்டே ஓடுதேன். எல்லாரும் திரும்பிப் பாக்காங்க. கிட்டப் போறதுக்குள்ள வழுக்கி, முட்டி மடங்கி, நானும் விழுந்தேன். அவன் பக்கத்துலயே விழுந்தேன்னு வையி.

அவன் மூஞ்சில பனிய வழிச்சிட்டு என்னப் பாத்தான். "அம்மா, இப்ப எப்பிடி விழணும்னு சொல்லிக் கொடுக்காங்க. இன்னைக்குப் பாடமே அதான்"னான். நல்லாருக்குல்லா! காசு கொடுத்து விழுததுக்குப் பாடம் படிக்கணுமா? எங்க ஊர்ல ஓசியில விழலாம். இதச் சொன்னேன். அவன் சிரிக்கல. அந்தப் பொண்ணு, காத்தோன்னு பேரு, அதுதான் டீச்சராம், ஓடியாந்து என்னத் தூக்குச்சு. அவன் அதுக்குள்ள கையில வச்சிருந்த குட்டிக் கட்டைய ஊன்றி, ஒரு உந்து உந்தி, தன்னால நிமிந்துட்டான். நிமிந்து, அந்தப் பொண்ணுகிட்ட என்னமோ சொன்னான். "இவங்க எங்கம்மா"ன்னு சொல்லிருப்பான். ஆனா அந்த மூஞ்சி... சின்னப் பிள்ளையில ஸ்கூல் ஆண்டுவிழாவுல மேடையில நிக்கும்போது, நான் கீழ இருந்து சட்டைப் பட்டனப் போடுன்னு கத்துனேன். அன்னைக்கு வச்சிருந்த அதே மூஞ்சி.

"நீங்க போங்கம்மா"ன்னான். போனேன். எப்பிடிப் போனேன்னா, காத்தோவும் இன்னொரு ஆளும் கைத்தாங்கலாக் கொண்டு பஸ்சுல ஏத்துனாங்க. முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கிட்டு. ஹோட்டல்ல டாக்டர் வந்து பாத்து, எலும்பு ஒண்ணும் ஆகல, நடக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. அன்னைக்கு அந்தக் கைப்பிடி எல்லாம் இல்லன்னா நான் பாத்ரூமுக்குக் கூடப் போயிருக்க முடியாது. நல்லவேளையா அந்த ரூம எடுத்து வச்சேன்! நான் எதச் செஞ்சாலும் யோசிச்சுத்தான் செய்வேன்.

அன்னைக்குச் சாயங்காலம் கதவத் தட்டுத சத்தம். ரூபன். தனியா, இந்த பஸ்சப் பிடிச்சு வந்துருக்கான். தோள்ல எல்லாம் பனி. மடியில மருந்துக்கடைப் பை.

உள்ள வந்தான். கட்டிலப் பாத்தான், ரெண்டாவது கட்டிலப் பாத்தான், அடுக்கி வச்ச தலகாணியப் பாத்தான். பாத்ரூமுக்குள்ள வண்டிய விட்டு ஒரு சுத்து சுத்திட்டு வெளிய வந்தான். "இது என்ன ரூம்மா?" "உனக்குத்தாம்ல எடுத்து வச்சேன். பனி கொட்டுது, இன்னைக்கு இங்க இருந்துட்டுப் போ." அவன் சிரிக்க ஆரம்பிச்சான் பாரு, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சான். ஏன் சிரிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. நானும் சிரிச்சேன். பிள்ள சிரிச்சு எத்தன நாளாச்சு.

பொறவு முட்டியில மருந்துப் பட்டை ஒட்டிவிட்டான். "எப்பிடி எந்திக்கீங்க, காட்டுங்க"ன்னான். காட்டுனேன். "தப்பு. கால்ல பாரத்தப் போடாதீங்க. கைப்பிடிய இப்படிப் பிடிங்க, முன்னால குனிங்க, எடைய எல்லாம் கையில ஏத்துங்க, அப்புறம் இடுப்பத் திருப்புங்க"ன்னு சொல்லித் தாரான். "திரும்ப. இன்னொரு தடவ. அவசரப்படாதீங்க." ஹாஸ்டல்ல நான் பிள்ளைகள வரிசையில நிக்க வைக்கும்போது கூட இம்புட்டுக் கண்டிப்பா இருந்ததில்ல. நானும் செஞ்சேன். வலிக்கலம்மா. நெசமாவே வலிக்கல. இதெல்லாம் இவனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? ஆஸ்பத்திரியிலயா? எங்கூட இருக்கும்போது ஒரு நாளும் இவன் இப்படிக் கைய ஊன்றி எந்திச்சு நான் பாத்ததில்லையே.

"இருல ரூபா, ஒரு ராத்திரி"ன்னேன். "பஸ்சு வந்துரும்மா"ன்னான். "என்னையாவது பாத்துக்கிட்டு இரு, எனக்கு முடியலல்லா"ன்னேன். அதுக்கு, "ஏதாவது வேணும்னா நீங்க கூப்பிடுங்க, நான் வாரேன். நீங்க கூப்பிடாம நான் வரமாட்டேன்"ன்னுட்டுப் போயிட்டான். ஜன்னல் வழியாப் பாத்தேன். டிரைவர் இறங்கி வந்து பலகையப் போட்டாரு, இவன் ஏறுனான். கையசைச்சான். எனக்கா, டிரைவருக்கான்னு தெரியல.

அந்த ராத்திரி நான் கூப்பிடல. கூப்பிடணும் கூப்பிடணும்னு போனக் கையிலயே வச்சிருந்தேன். என்னன்னு சொல்லிக் கூப்பிட? தலகாணி சரியில்லன்னா?

அது ஆச்சு நாலு நாளு. இன்னைக்குக் காலையில மெசேஜ் வருது. "கயிறு இல்லாம இறங்குனேன். ஆறு மணிக்குப் பென்ஷனுக்குச் சாப்பிட வாங்க, சொல்லி வச்சிருக்கேன். முன்னாடி வராதீங்க. வந்து மணிய அடிங்க, நானே வந்து தொறப்பேன்." நீயும் வாசிச்சுப் பாரு, இந்தா. கயிறு இல்லாமன்னா, அப்ப யாரு பிடிச்சிக்கிடுவா? கேட்டு எழுதுனேன், "யாரு பிடிச்சா?"ன்னு. "யாரும் இல்ல"ன்னு பதில் போட்டு, ஒரு சிரிச்ச மூஞ்சி போட்டிருக்கான்.

அவுகளுக்குப் போன் போட்டு வாசிச்சுக் காட்டுனேன். அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சுத சத்தம் கேக்கு. "என்னங்க, அழுதீங்களா?"ன்னா, "ஜலதோசம்"ங்காவ. பாளையங்கோட்ட வெயில்ல ஜலதோசமாம்.

நான் அழல. போனதும் அந்தம்மாட்ட ஒண்ணும் கேக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். ராத்திரி புரண்டு படுக்கானான்னு மட்டும் கேப்பேன். இல்ல, அதையும் கேக்க மாட்டேன். முதுகு சிவந்துருக்கான்னு அவன்ட்டயே கேட்டுக்கிடுதேன். இல்லம்மா, அதுவும் வேண்டாம், சோத்து முன்னால வச்சு. அப்ப நான் என்னதான் பேச? சொல்லு பாப்போம். நீ உங்க அம்மாட்ட என்ன பேசுவ? சும்மா பேசுவியா? சும்மான்னா என்ன பேசுவீங்க?

மணி என்ன இப்ப? அஞ்சே முக்காலா. இருட்டிட்டு. அந்த மஞ்ச வெளிச்சம் தெரியுதுல்லா, மர வீடு, அதுதான். மேல பாரு, ஆளுங்க நடமாட்டம் தெரியுது. கீழ ஓரத்துல ஒரு ஜன்னல் எரியுது. அதுதான் அவன் ரூமா இருக்கும். மேற்கு பாத்த ஜன்னலு. நல்ல ஜன்னலுதான், மலை தெரியும். திரை போடாம வச்சிருக்கான் பாரு, இருட்டுனதும் போடணும்லா... சரி, அவன் ரூம்.

இன்னும் கால் மணி நேரம் இருக்கு. இன்னொரு சுத்து போனா லேட்டாயிரும். இறங்கி நிக்கேன். அந்த மரத்துக்கிட்ட நின்னா குளிரு தெரியாது. ஆறு அடிச்சதும் போய் மணிய அடிக்கேன்.

நீ உக்காரு, நீ உக்காரு. எதுக்கு எந்திக்க? கையக் கொடுக்காண்டாம்மா. வேண்டாம்னு சொல்லுதேன்லா. இந்தக் கம்பியப் பிடிச்சு, முன்னால குனிஞ்சு, பாரத்தக் கையில ஏத்துனேன்னா நான் இறங்கிருவேன். கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். உனக்கு ஜப்பான் பாஷை தெரியும்லா, டிரைவர்ட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லு, அவசரப்பட வேண்டாம்னு.